சீனிக்கு வரி: வசூல் யாருக்கு? நலம் யாருக்கு?

புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த வரி நல்லதா, கெட்டதா என்று பட்டணத்தில் விவாதம் நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். வைத்தியர்கள் இன்னும் கூட்டுங்கள் என்கிறார்கள். இந்த விவாதத்தில் கேட்காத குரல் ஒன்று உண்டு. அது தோட்டத் தொழிலாளியின் குரல். முதலில் கேட்க வேண்டிய குரலும் அதுதான். சீனியால் வரும் வியாதி நம் வீடுகளில்தான் அதிகம் குடியிருக்கிறது. வரியாகப் போகும் காசிலும் நம் வியர்வைக் காசு உண்டு. வியாதியும் நமது, காசும் நமது என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் நமதே அல்லவா?

வரி வந்த வரலாறு

2018 நவம்பர் 2ஆம் நாள், 2019ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங் இந்த வரியை அறிவித்தார். ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது தள்ளிப்போய், 2019 ஜூலை 1ஆம் நாள் அமலுக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானத்துக்கும், 12 கிராமுக்கு மேல் சீனி உள்ள பழச்சாற்றுக்கும் லிட்டருக்கு 40 காசு வரி. 2024 ஜனவரி 1 முதல் அது 50 காசாயிற்று. 2025 ஜனவரி முதல் படிப்படியாக மேலும் 40 காசு கூட்டப்படும் என்று 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2013 அக்டோபர் வரை இதே அரசாங்கம் சீனிக்குக் கிலோவுக்கு 34 காசு உதவித்தொகை கொடுத்து வந்தது. பொதுப் பணத்தைக் கொடுத்துச் சீனியின் விலையைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஆறே ஆண்டுகளில் சீனித் தண்ணீருக்கு வரி போடும்படி ஆயிற்று. தின்னக் கொடுத்த கையே தடுக்கவும் வந்தது. அந்த இடைக்காலத்தில் நாட்டு மக்களின் உடம்பு கெட்டுப்போனதுதான் காரணம்.

கணக்கு என்ன சொல்கிறது?

சுகாதார அமைச்சு 2019இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் வியாதி இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். வேறெந்த இனத்திலும் இவ்வளவு இல்லை. அதாவது, காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் நம்மவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் ஏறக்குறைய ஒவ்வொரு மூன்றாம் ஆளும் நோயாளி!

2023இல் எடுத்த ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு நூற்றுக்கு 15.6 ஆக இறங்கியது. இதைக் கண்டு வரியின் வெற்றி என்று கைதட்டிவிட முடியாது. புட்டிக்குப் போட்ட ஒரு வரி நான்கே ஆண்டுகளில் இத்தனை பேரின் இரத்தத்தைச் சுத்தப்படுத்திவிடாது. அதே ஆய்வு இன்னொரு செய்தியையும் சொல்லியது: வியாதி உள்ள ஐந்து பேரில் இருவருக்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. தெரியாத வியாதிக்கு மருந்து ஏது?

இந்த வியாதி மெதுவாகக் கொல்லும். கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும். பால்வெட்டுக்காரனுக்குக் கால்தான் முதல். மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். முள் குத்தினாலும், பூட்ஸ் கடித்தாலும், அட்டை கடித்த இடம் புண்ணானாலும், உணர்ச்சி இல்லாத கால் அதைச் சொல்லாது. சொல்லும்போது புண் ஆழமாகியிருக்கும். பிறகு விரல், பிறகு பாதம் என்று வெட்டி எடுக்கும் நிலை வரும். நாட்டில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸ் செய்துகொண்டு உயிர் வாழ்கிறார்கள். புதிதாக அந்த இயந்திரத்தில் போய்ப் படுப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அங்கே கொண்டு சேர்த்தது இந்த இனிப்புநீரே. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு மணி நேரம். அப்படிப்பட்டவன் எந்த மரத்தை வெட்டுவான்? எந்தக் கூலியை வாங்குவான்?

வரியால் பலன் உண்டா?

உண்டு. மற்ற நாடுகளின் அனுபவம் அதைக் காட்டுகிறது.

மெக்சிக்கோ நாடு 2014 ஜனவரியில் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், வரி இல்லாவிட்டால் எவ்வளவு வாங்கியிருப்பார்களோ அதைவிட நூற்றுக்கு 12 பங்கு குறைவாக ஜனங்கள் வாங்கினார்கள். ஏழைக் குடும்பங்களில் அந்தக் குறைவு நூற்றுக்கு 17 பங்கு. தண்ணீர்ப் புட்டி விற்பனை கூடியது. ஆக, விலை ஏறினால் ஏழைதான் முதலில் கையை மடக்குகிறான் என்பது தெரிகிறது.

பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. 100 மில்லிலிட்டரில் 5 கிராம் முதல் 8 கிராமுக்குள் சீனி இருந்தால் ஒரு வரி, 8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் அதைவிடக் கூடுதல் வரி என்று இரண்டு படியாக வைத்தது. 2016இல் அறிவித்து 2018 ஏப்ரலில்தான் வசூலிக்கத் தொடங்கினார்கள். இடையில் இருந்த இரண்டு ஆண்டில் கம்பெனிகள் என்ன செய்தன? வரிக்குத் தப்பிக்கத் தாமே சீனியைக் குறைத்துக்கொண்டன. 2015க்கும் 2019க்கும் இடையில் அந்தப் பானங்களின் வழியாக ஜனங்களுக்குப் போன சீனி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பத்துப் பதினொரு வயதுப் பெண் பிள்ளைகளிடையே அளவுக்கு மீறிய பருமன் குறைந்ததாக 2023இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆண் பிள்ளைகளிடம் அந்த மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் பல கம்பெனிகள் 5 கிராம் கோட்டுக்குக் கீழே சீனியைக் கொண்டு வந்துவிட்டன. இது நல்ல காரியமே. ஆயினும், சீனிக்குப் பதிலாக இரசாயன இனிப்பைச் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நம்பிவிட வேண்டாம். உடம்பைக் குறைப்பதற்கு அவற்றை நம்பாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் எச்சரித்திருக்கிறது.

நம் வரியில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அளவு போதாது. விலை நூற்றுக்கு 20 பங்காவது ஏறினால்தான் குடிப்பது கணிசமாகக் குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் கூறியது. 320 மில்லிலிட்டர் டின் ஒன்றின் விலை 2 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2019இல் அதற்கு விழுந்த வரி 13 காசு. 50 காசு வரியில் 16 காசு. 90 காசே வந்தாலும் 29 காசுதான். வேண்டியதோ 40 காசு. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான். இரண்டாவது, 6 கிராம் சீனி உள்ள பானத்துக்கும் 12 கிராம் உள்ள பானத்துக்கும் ஒரே வரி. கோட்டைத் தாண்டிவிட்ட கம்பெனிக்கு அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் கவலை இல்லை. கூடச் சேர்ப்பவன் கூடக் கட்ட வேண்டும் என்பதல்லவா நியாயம்?

வரி தொடாத கோப்பை

இனி நம் சொந்த வீட்டுக்குள் வருவோம். இனிப்புநீர் வியாதி புட்டியால் மட்டும் வந்ததா? பெரட்டுக்கு முன் வெறும் வயிற்றில் ஒரு கோப்பைக் காப்பி. வெட்டு முடிந்ததும் ஒரு தேத்தண்ணி. பால் நிறுத்துக் கொடுத்த பின் ஐஸ் போட்ட சீராப். மாலையில் கூலாய்ப் பட்டணத்துக்குப் போனால் ஒரு தே தாரிக். இவற்றில் எதன் மேலும் இந்த வரி விழவில்லை. கம்பெனி புட்டியில் அடைத்தால் வரி. கடைக்காரர் கோப்பையில் கலக்கினால் வரி இல்லை.

கட்டிப்பால் டின்னைப் பாருங்கள். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி கட்டிப்பால் ஊற்றிய தேநீரில் 20 கிராம் அளவுக்குச் சீனி போய்விடுகிறது. மூன்று கோப்பை குடித்தால் 60 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் நிறுத்துங்கள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. மூன்றே கோப்பையில் அந்த எல்லையைத் தாண்டியாயிற்று. பலகாரம், ரோத்தி, கேக் எல்லாம் கணக்கில் இன்னும் வரவில்லை.

கட்டிப்பாலுக்கும் இந்த நாட்டுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. தாய்ப்பாலுக்குப் பதிலாக இந்த இனிப்பு டின் பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தன. குழந்தைகள் செத்தன. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து நின்று, ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிலேயே பேசினார். இது கொலைக்குச் சமம் என்று வியாபாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று தொட்டிலுக்கு வந்த டின் இன்று நம் கோப்பைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் வீட்டுச் சீனிக்கும் கட்டிப்பாலுக்கும் வரி போடச் சொல்லலாமா? கூடாது. அது அடுப்படிக்குப் போடும் வரி. புட்டிப் பானம் இல்லாமல் இருந்துவிடலாம். வீட்டில் சீனியே இல்லாமல் ஏழைக் குடும்பம் நடக்காது. கோப்பைச் சீனியை அறிவாலும், வைத்திய வசதியாலும், நல்ல குடிதண்ணீராலும்தான் குறைக்க வேண்டும்.

சிங்கப்பூர் இதில் ஒரு வழி காட்டுகிறது. கூலாயிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அதை நேரில் பார்க்கிறார்கள். அங்கே இப்படி ஒரு வரி போடவில்லை. 2022 டிசம்பர் 30 முதல், பானப் புட்டிகளைச் சீனியின் அளவுக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று நான்கு தரமாகப் பிரித்தார்கள். சி, டி தரத்துப் பானங்கள் தம் தரத்தை மேலே அச்சிட்டே ஆக வேண்டும். டி தரத்துக்கு விளம்பரமே கூடாது. ஓராண்டு கழித்து, பெரிய கடைகளில் கலக்கித் தரும் பானங்களுக்கும் அந்த விதி வந்தது. 2017இல் அங்கு விற்ற புட்டிப் பானங்களில் சீனியின் நடுத்தர அளவு நூற்றுக்கு 7.1 பங்கு, 2023இல் அது 4.6. அளவு வெளியே தெரிந்தால் வாங்குபவனும் யோசிக்கிறான், விற்பவனும் யோசிக்கிறான்.

கள்ளுக்கடை கற்பித்த பாடம்

வரி விஷயத்தில் தோட்ட மக்களுக்குப் பழைய அனுபவம் ஒன்று இருக்கிறது. துரைத்தனத்தின் காலத்தில் அரசாங்கத்தின் அனுமதியோடு தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. சம்பளக் காசு கள்ளுக்கடை வழியாகவே திரும்பிப் போயிற்று. அதில் வருமானம் கண்டவர்களுக்குக் கடையை மூட மனம் வருமா? வரவில்லை. 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடாவில் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். அடியும் உதையும் சிறையும் அவர்களுக்குக் கிடைத்த பரிசு.

இதில் நமக்குள்ள பாடம் ஒன்றே. கெட்ட பழக்கத்தின் மேல் வரி வாங்கும் அரசாங்கம், நாளடைவில் அந்த வரியை நம்பி வாழத் தொடங்கிவிடும். பிறகு அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்று அது மனதார விரும்பாது. ஆகவே, சீனி வரியின் காசு பொதுக் கஜானாவில் கலந்து மறைந்துவிடக் கூடாது. இந்த வருமானத்தில் ஒரு பங்கை இனிப்புநீர்ச் சிகிச்சைக்கும் டயாலிசிசுக்கும் செலவிடப்போவதாக அரசாங்கம் அறிவித்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் வாக்கு வேறு, கணக்கு வேறு. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

வரி நிலைத்து நிற்பதும் எளிதல்ல. இலங்கையில் 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று சரியான முறையில் வரி போட்டார்கள். அடுத்த ஆண்டே அதைக் குறைத்துவிட்டார்கள். கேரளாவில் 2016இல் பர்கர், பீட்சா போன்ற கடைத் தின்பண்டங்களுக்கு 14.5 விழுக்காடு வரி போட்டார்கள். 2017இல் சரக்கு சேவை வரி வந்ததும் அது போய்விட்டது. பணம் உள்ளவன் அமைச்சரின் கதவைத் தட்டுவான். நோயாளி தட்டுவதற்குச் சங்கம் வேண்டும்.

ஏழைக்குப் பாரமா?

“ஏழை குடிக்கும் பானத்துக்குத்தானே வரி? இது ஏழையின் வயிற்றில் அடிப்பதல்லவா?” என்று சிலர் கேட்கிறார்கள். கம்பெனிகளும் இதையே சொல்லிக் கண்ணீர் விடுகின்றன. கூலி உயர்வு கேட்டபோது முதலாளிமார் யாரும் நமக்காக அழுததாக நினைவில்லை!

அந்தக் கேள்வியில் பாதி உண்மை உண்டு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வந்தது. அந்தச் சம்பளக்காரனுக்கு 29 காசும் காசுதான். பெரிய சம்பளக்காரனுக்கு அது கண்ணிலேயே படாது. ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். வியாதி வந்தால் பணக்காரன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். ஏழை காலை இழந்து லயத்துத் திண்ணையில் உட்காருகிறான். வரியின் பாரம் 29 காசு. வியாதியின் பாரம் ஒரு குடும்பத்தின் வாழ்வு. ஏழையிடம் வாங்கிய காசு ஏழையின் உடம்புக்கே திரும்பி வந்தால் அந்த வரி தர்மம்; வராவிட்டால் அது தண்டம். வரி வேண்டுமா, வேண்டாமா என்பதில் நம் வாதம் முடிந்துவிடக் கூடாது. வாங்கிய காசு எங்கே என்பதுதான் நாம் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி.

நாம் கேட்பது

ஒன்று: சீனியின் அளவுக்கு ஏற்ப வரி ஏற வேண்டும்.

இரண்டு: இந்த வரிப் பணத்தில் ஒரு பங்கைத் தோட்டப்புறத்துக்கு என்று ஒதுக்கி, மாதம் ஒரு முறை தாதியும் மருந்தும் தோட்டத்துக்கே வர வேண்டும். பெரட்டுக் களத்திலேயே விரல் குத்தி இரத்தம் பார்க்கலாம். சில நிமிட வேலை. அறியாமல் இருக்கும் அந்த ஐந்தில் இருவரைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

மூன்று: மாதாந்திரச் சோதனைக்குப் போகும் நாளில் கூலி வெட்டு கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் போகிறவனுக்கு ஒரு நாள் பேர் போகிறது. அந்தப் பேர்தான் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது.

நான்கு: பால் நிறுக்கும் இடத்தில் நிழலும் குளிர்ந்த குடிதண்ணீரும் வேண்டும். தொழிலாளருக்கு வீடும் குடிநீரும் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெயிலில் தாகத்தோடு வருபவன் கையில் முதலில் தண்ணீர் கிடைத்தால் சீராப்பைத் தேடி ஓடமாட்டான்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது வயதைத் தாண்டிய பெர்கேசோ சந்தாதாரர்களுக்கு இலவசச் சோதனைத் திட்டம் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டமும் உண்டு. பாரம் நிரப்பத் தெரியாமல் பலர் இவற்றை விட்டுவிடுகிறார்கள். ஆபீஸ் மேசையில் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு தொழிலாளிக்குப் பாரம் எழுதிக் கொடுங்கள். அது ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்தைக் கேட்பது பாதி. மறுபாதி நம் கையில் இருக்கிறது. கடையில் உட்கார்ந்ததும் “தே ஓ கோசோங்” என்று சொல்லப் பழகுவோம். முடியாதவர்கள் “கூராங் மானிஸ்” என்றாவது சொல்லுவோம். சீனி இல்லாத கோப்பைக்கும் அதே விலை வாங்கும் கடைக்காரரிடம் ஐந்து காசாவது குறைக்கச் சொல்லிக் கேட்போம். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கலர் தண்ணீருக்கு முன்னால் ஒரு பானைத் தண்ணீர் வைப்போம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் டின்னுக்குப் பதில் தண்ணீர்ப் புட்டி வைப்போம். தாய்மார்கள் ஒரு கரண்டி குறைத்தால் வீடே குறைத்ததாகும்.

உழைக்கிறவனுக்குத் தெம்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். தெம்பு சோற்றிலும் பருப்பிலும் மீனிலும் கீரையிலும் இருக்கிறது. சீனித் தண்ணீரில் இருப்பது கால்மணி நேரத் தெம்பு. அதற்கு வட்டியாகக் கேட்பது சிறுநீரகம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கூலி உயர்வும், போனசும், சொந்த வீடும் நாம் போராடிப் பெறும் சித்திரங்கள். உடம்பே அவற்றுக்குச் சுவர். அந்தச் சுவர் கரையாமல் காப்பதும் சங்க வேலையே. அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த நான்கு கோரிக்கைகளையும் சேருங்கள். தீர்மானம் போட்டுத் தலைமைக்கு அனுப்புங்கள். நம் காசு எங்கே என்று கேட்போம். நம் காலில் நாம் நின்று கேட்போம்!